இரவு 9 மணித் தீர்ப்புகள்

2020 ஆகஸ்டு 31 அன்று, அந்த ஆண்டின் ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சரிந்ததாக மத்திய அரசே அறிவித்தது. கரோனா தொற்றும் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் பெரிய இந்தி, ஆங்கிலச் செய்தி சேனல்களின் இரவு விவாதங்கள் அந்த வாரங்களில் ஒரு பெண்ணையே சுற்றிவந்தன. அவர் நடிகை ரியா சக்ரவர்த்தி.

அவருடைய காதலர் சுஷாந்த் சிங் ராஜ்புத் ஜூன் 14 அன்று மும்பை வீட்டில் இறந்து கிடந்தார். ஜூலையில் சுஷாந்தின் தந்தை ரியா மீது பாட்னாவில் புகார் கொடுத்தார். புகாரை விசாரிப்பது போலீஸின் வேலை. அதைச் சேனல்கள் எடுத்துக்கொண்டன.

திருமணம் ஆகாமல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், அதிலும் வங்காளப் பெண். இந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன. பில்லிசூனியம் வைத்தார், மயக்கிவைத்திருந்தார், பணத்துக்காக ஒட்டிக்கொண்டார் என்றெல்லாம் பேசினார்கள். தேநீரில் நான்கு சொட்டு விடச் சொல்லி வேறொருவர் ரியாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் திரையில் போட்டு, விஷம் வைத்த கதையாக்கினார்கள். கோவலன் செல்வத்தைத் தொலைத்ததற்கு மாதவியைக் குற்றவாளியாக்கும் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. இந்தக் கதையில் சுஷாந்துக்கும் இடமில்லை. 34 வயதில், சொந்த உழைப்பால் மேலே வந்த நடிகர் அவர். மனநலச் சிகிச்சையில் இருந்தவர் என்று மும்பை போலீஸ் சொல்லியிருந்தது. ஓர் ஆணுக்கு மனம் நோகும், அதற்கு மருத்துவம் தேவைப்படும் என்று லட்சக்கணக்கான வீடுகளில் பேசக் கிடைத்த வாய்ப்பு அது. ஒரு சூனியக்காரியைக் காட்டி அந்த வாய்ப்பைப் பாழாக்கினார்கள். விவாதங்களை நடத்தியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதனால் பெண் தொகுப்பாளர்கள் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

செப்டம்பரில், போதைப்பொருள் தொடர்பான விசாரணைக்காகப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அலுவலகத்துக்குள் நுழையவே ரியா கேமராக் கூட்டத்தில் இடிபட வேண்டியிருந்தது. 8ஆம் தேதி கைதான அன்று, ஆணாதிக்கத்தை நொறுக்குவோம் என்ற வாசகம் பொறித்த கறுப்பு டி-ஷர்ட் அணிந்திருந்தார். ஏறத்தாழ ஒரு மாதம் பைகுல்லா சிறையில் இருந்த பிறகு, அக்டோபர் 7 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் எய்ம்ஸ் மருத்துவக் குழு சுஷாந்தின் மரணம் கொலை அல்ல, தற்கொலை என்று கருத்துச் சொல்லியிருந்தது.

2021 ஜனவரியில் அதே நீதிமன்றம், ரிபப்ளிக் டிவி, டைம்ஸ் நவ் ஆகியவற்றின் சில செய்திகள் முதல்பார்வையிலேயே நீதிமன்ற அவமதிப்பாகத் தெரிகின்றன என்றது. ஆனாலும் நடவடிக்கை எடுக்கவில்லை. சுஷாந்தின் மரணத்தை விசாரித்த சிபிஐ வழக்கை முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்ததோ 2025 மார்ச்சில்.

குற்றம்சாட்ட எத்தனை இரவுகள் ஒதுக்கினார்களோ, அத்தனை இரவுகள் அதே 9 மணிக்கு, அதே தொகுப்பாளர்கள் வந்து அந்த அறிக்கையைப் படித்துக்காட்ட வேண்டும். ரியாவின் பெயரைச் சொல்லி மன்னிப்பும் கேட்க வேண்டும்.