"பாவமெல்லோ, அம்மா?"

என் மகளுக்கு இப்ப 11 வயது. 7 வயதில் அவவுக்கு முதலாம் வகை நீரிழிவு வந்தது. "இனிப்பை அள்ளிக் குடுத்திருப்பியள்" என்று சொன்ன சொந்தக்காரருக்கெல்லாம், இது இனிப்பால் வாறதில்லை, உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கிற நோய் என்று விளங்கப்படுத்தியே களைத்துப் போனேன்.

போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தவ கேட்டா: "அம்மா, குளோனிங் செய்தா என்னைப்போல இன்னொரு ஆள் வருவாவாம். அவவின்ர கணையத்தை எடுத்தோ எனக்கு வைப்பினம்? பாவமெல்லோ?"

சிகிச்சைக்கான குளோனிங்கில் இன்னொரு பிள்ளை பிறப்பதில்லை. ஒரு பெண்ணின் முட்டையில் உள்ள மரபணுக்களை நீக்கிவிட்டு, நோயாளியின் தோல் கலத்தின் மரபணுக்களை உள்ளே வைப்பார்கள். ஆய்வுகூடத்தில் சில நாட்கள் வளர்ந்ததும், அந்த மிகச்சிறிய கலத்திரளில் இருந்து ஸ்டெம் செல்களை எடுப்பார்கள். அவை நோயாளியின் சொந்தக் கலங்களை ஒத்திருக்கும் என்பதுதான் இதன் பெரிய நன்மை. 2014இல் நியூயோர்க் விஞ்ஞானிகள், முதலாம் வகை நீரிழிவு உள்ள ஒரு பெண்ணின் கலத்தில் இருந்து இப்படியே இன்சுலின் சுரக்கும் கலங்களை உருவாக்கினார்கள்.

ஆனால் மகளின் "பாவமெல்லோ" அத்தோடு முடியவில்லை. ஸ்டெம் செல்களை எடுக்கும்போது அந்த இளம் முளையம் அழிகிறது. அது உயிரா, வெறும் கலத்திரளா? கோயிலுக்குப் போறவையும் சேர்ச்சுக்குப் போறவையும் ஒரே பதிலைச் சொல்லமாட்டினம். இன்னொன்று, முட்டைகள் யாருடையவை? தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், 2,000க்கு மேற்பட்ட முட்டைகளைப் பாவித்தார். அவரிடம் வேலை செய்த பெண்களும் முட்டை கொடுத்திருந்தார்கள். கடைசியில் அவருடைய ஆய்வே பொய் என்று 2006இல் மீளப்பெறப்பட்டது.

கனடா 2004இல் சட்டம் போட்டு, எந்த நோக்கத்துக்காகவும் மனிதக் குளோன் உருவாக்குவதைத் தடை செய்தது. மீறினால் 10 வருடம் வரை சிறை, 5 லட்சம் டொலர் வரை அபராதம். ஆனால் செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சும் முளையங்களை, உரியவர்களின் சம்மதத்தோடு ஆய்வுக்குப் பாவிக்கலாம். பிறகு ஜப்பானின் யமனாக்கா, முட்டையும் முளையமும் இல்லாமல் சாதாரணக் கலங்களையே ஸ்டெம் செல்களாக மாற்றிக் காட்டி, 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் கதையில் எங்கட ரொறன்ரோவுக்கும் பங்குண்டு. 1921இல் இன்சுலின் கண்டுபிடித்ததும், 1961இல் ஜேம்ஸ் டில்லும் ஏர்னஸ்ட் மக்கலக்கும் ஸ்டெம் செல்களை நிரூபித்ததும் இங்கேதான். ரொறன்ரோ வைத்தியர்களும் பங்கெடுத்த ஓர் ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த கலங்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு, ஒரு வருடத்தில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. குளோனிங் இல்லாமலே! ஆனால் அவை அவர்களின் சொந்தக் கலங்கள் இல்லை. உடம்பு நிராகரிக்காமல் இருக்க, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கவேண்டும். சிறுபிள்ளைக்கு அது லேசான விசயமில்லை.

அதனால், "ஸ்டெம் செல்லால சுகமாக்கிறம், காசைக் கட்டுங்கோ" என்று விளம்பரம் வந்தால் நம்பி ஓடாதேங்கோ. இது அனுமதி பெற்ற ஆய்வா என்று உங்கட வைத்தியரிட்டை முதலில் கேளுங்கோ.

எல்லாத்தையும் சொல்லி முடித்தபோது மகள் ஊசியைக் கையில் எடுத்தபடி சொன்னா: "ஒருத்தருக்கும் நோகாமல் செய்தா எனக்கு ஓகே, அம்மா."