வெள்ளிக்கிழமை ராஜினாமா

அமெரிக்காவின் பெரிய முதலீட்டு நிறுவனங்களை விட்டு விலகும் நிதி ஆலோசகர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலைத்தான் அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். திங்கட்கிழமையும் விடுமுறை என்றால் இன்னும் நல்லது. கிளை மேலாளரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த நிமிடமே போட்டி தொடங்கிவிடும். நிறுவனம் அவருடைய வாடிக்கையாளர்களை மற்ற ஆலோசகர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, உடனே பேசச் சொல்லும். விலகியவரும் அதே வீடுகளுக்குத் தன் புதிய அலுவலகத்திலிருந்து போன் போடுவார். இடையில் வரும் சனி, ஞாயிறு அவருக்குக் கிடைக்கும் அவகாசம்.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் எளிமையானது. பங்கு, கடன் பத்திரம் என்று எதை வேண்டுமானாலும் எந்த நிறுவனத்திலும் வாங்கலாம். ஆனால் மகளின் கல்லூரிச் செலவையும் கணவனை இழந்த அம்மாவின் ஓய்வூதியக் கணக்கையும் பத்துப் பதினைந்து வருடமாகத் தெரிந்து வைத்திருக்கும் ஆள் ஒருவர்தான். குடும்பங்கள் நம்புவது அந்த ஆளை. நிறுவனமோ அவர்களைத் தன் வாடிக்கையாளர்களாகக் கணக்கு வைத்திருக்கிறது.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஓர் ஆலோசகர் 10 கோடி டாலர் முதலீட்டைக் கவனித்துக்கொள்கிறார், ஆண்டுக் கட்டணம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 10 லட்சம் டாலர். பெரிய நிறுவனத்தில் இருந்தால் அதில் ஏறத்தாழ 40 சதவீதம், அதாவது 4 லட்சம் அவர் கைக்கு வரும். தனியாகப் போனால் பத்து லட்சமும் அவருடையது. வாடகை, ஊழியர் சம்பளம், மென்பொருள், தொழில் காப்பீடு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் அவர் தலையில். இதையெல்லாம் கழித்தாலும் பலருக்குக் கூடுதலாகவே மிஞ்சுகிறது. கூடவே, கட்டிய தொழிலை ஒருநாள் விற்கும் உரிமையும் கிடைக்கிறது. ஊழியராக இருப்பவர் எத்தனை வருடம் உழைத்தாலும் விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது.

ஒரு காலத்தில் இப்படி விலகினால் வழக்கு நிச்சயம். திங்கட்கிழமை காலையிலேயே இடைக்காலத் தடை உத்தரவு வந்து நிற்கும். இன்று வழக்குப் போட்ட நிறுவனம், நாளை வேறோர் ஆலோசகரை இழுத்துக்கொண்டதற்காகப் பிரதிவாதிக் கூண்டில் நிற்கும். இந்தச் செலவு அலுத்துப்போய் 2004இல் ஸ்மித் பார்னி, மெரில் லிஞ்ச், யுபிஎஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புரோக்கர் புரோட்டோகால் என்று பெயர். விலகுபவர் ஐந்து விவரங்களை மட்டும் எடுத்துச் செல்லலாம்: வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கின் தலைப்பு. கணக்கு எண்ணோ முதலீட்டு அறிக்கையோ எடுக்கக் கூடாது. எடுத்துச் செல்லும் பட்டியலின் நகலை ராஜினாமாக் கடிதத்தோடு கொடுத்துவிட வேண்டும். வேலையில் இருக்கும்போதே வாடிக்கையாளரை அழைத்து ‘என்னோடு வாருங்கள்’ என்று சொல்லக் கூடாது.

பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் கையெழுத்திட்டன. சின்ன நிறுவனங்கள் பெருகப் பெருக, பெரியவர்களுக்குத் தாங்கள் இழப்பதே அதிகம் என்று தோன்றியது. 2017 நவம்பரில் மார்கன் ஸ்டான்லி வெளியேறியது. அடுத்த மாதமே, உடன்படிக்கையைத் தொடங்கிய மூவரில் ஒன்றான யுபிஎஸ்ஸும் வெளியேறியது. அங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு வழக்கு பயம் திரும்பி வந்தது.

விலகல் அலையாக மாறியது அதற்கும் முன்பே, 2008இல். அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலானது. அதே மாதம், 1914 முதல் இயங்கிவந்த மெரில் லிஞ்ச்சை பேங்க் ஆஃப் அமெரிக்கா வாங்குவதாக அறிவித்தது. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையே வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு என்று அதுவரை சொல்லிவந்த ஆலோசகர்களிடம் அதன்பின் சொல்ல வார்த்தை இல்லை. 2016இல் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கான கணக்குகள் திறந்ததற்காக வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த மோசடி நடந்தது வங்கிக் கிளைகளில்தான். ஆனாலும் அதே பெயரில் இயங்கிய முதலீட்டுப் பிரிவின் ஆலோசகர்கள்தான் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவின் லூமினஸ் கேப்பிட்டல் கதை இந்தத் தொழிலின் இரண்டு முகங்களையும் காட்டுகிறது. 2008இல் மெரில் லிஞ்ச்சிலிருந்து விலகிய ஒரு குழு தொடங்கிய நிறுவனம் அது. நான்கே வருடத்தில் சுமார் 550 கோடி டாலரை நிர்வகிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 2012இல் ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கி அதை 12.5 கோடி டாலருக்கு வாங்கியது. சுதந்திரம் தேடிப் பெரிய நிறுவனத்தை விட்டு வந்தவர்கள் ஒரு வங்கிக்குள் நுழைந்தார்கள். 2019 வாக்கில் அவர்களில் சிலர் மறுபடியும் விலகி எவோக், ஐஇக்யூ கேப்பிட்டல் என்ற தனி நிறுவனங்களைத் தொடங்கினார்கள். 2023 மே மாதம் ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கி மூழ்கியது. ஜேபி மார்கன் சேஸ் அதை எடுத்துக்கொண்டது.

சின்ன நிறுவனத்தை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. இங்கேதான் வாசகர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். முறையாக நடக்கும் தனி ஆலோசகரின் கையில் வாடிக்கையாளரின் பணம் இருப்பதில்லை. சார்லஸ் ஷ்வாப், ஃபிடெலிட்டி போன்ற பெரிய காப்பு நிறுவனத்தில் வாடிக்கையாளரின் சொந்தப் பெயரிலேயே கணக்கு இருக்கும். ஆலோசகர் வாங்கவும் விற்கவும் உத்தரவு கொடுக்கலாம், தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். பணத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது. கணக்கு அறிக்கையும் காப்பு நிறுவனத்திடமிருந்து நேரடியாக வரும். 2008 டிசம்பரில் பிடிபட்ட முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்டு மேடாஃபால் பல ஆண்டுகள் ஏமாற்ற முடிந்ததற்குக் காரணம், பணத்தை வைத்திருந்ததும் அறிக்கை அச்சிட்டதும் அவருடைய நிறுவனமேதான்.

சட்டப் பொறுப்பிலும் வித்தியாசம் உண்டு. 1940ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவர் எப்போதும் வாடிக்கையாளரின் நலனையே முன்வைக்க வேண்டும். தரகர்களுக்கு நெடுங்காலம் ‘பொருத்தமான’ பரிந்துரை என்ற தளர்வான அளவுகோல்தான் இருந்தது. 2020 ஜூன் 30 முதல்தான் அது கடுமையாக்கப்பட்டது.

ஆனால் ‘தனி’ என்ற பலகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். தனி நிறுவனங்களைக் கொத்துக் கொத்தாக வாங்கிச் சேர்க்கும் முதலாளிகள் வந்துவிட்டார்கள். அப்படிப் பல நிறுவனங்களை ஒன்று சேர்த்த ஃபோக்கஸ் ஃபைனான்ஷியலை 2023இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம் 700 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டுக் கையகப்படுத்தியது. ஆலோசகர் தொழிலை விற்று ஓய்வுபெறும்போது, அவரை நம்பி வந்த குடும்பங்களிடம் யாரும் விலை பேசுவதில்லை.

இந்தியாவிலும் வங்கி ரிலேஷன்ஷிப் மேனேஜர் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அவர்கள் இரு வகை. ஒருவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுபவர். மற்றவர் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர். வாடிக்கையாளரிடமிருந்தே கட்டணம் வாங்குபவர். ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டு வேடமும் போடக் கூடாது என்று 2020இல் செபி விதியைக் கண்டிப்பாக்கியது. இரண்டுமே சட்டப்படி நடக்கும் தொழில்தான். யார் எந்த வகை என்பது தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. உங்களுக்குப் பழக்கமான வங்கி அதிகாரி ‘சொந்தமாக ஆரம்பித்துவிட்டேன், கணக்கை மாற்றிவிடலாமா?’ என்று கேட்டால், அவருடைய பதிவு எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். ஆலோசகர் என்றால் செபி இணையதளத்திலும், விநியோகஸ்தர் என்றால் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்திலும் பட்டியல் இருக்கிறது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். பணத்தை அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள்.