தீப்பெட்டிப் படத்துக்குள் ஒரு பாட்டி

கொடைக்கானலில் மழைக்காலம் வந்தால் தீப்பெட்டி நமத்துப்போகும். நாலு குச்சி கிழித்தால் ஒன்று பற்றும். பற்றாத பெட்டியையும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் எறியமாட்டார்கள். மேலே ஒட்டியிருக்கும் படம் வேண்டுமே! சிவகாசியில் அச்சான அந்த மாதிரிப் படங்களை நம்பியே ஒரு அனிமேஷன் படம் வந்திருக்கிறது: 'பிரிண்டட் ரெயின்போ', 15 நிமிடம். எடுத்தவர் மும்பையின் கீதாஞ்சலி ராவ்.

அடுக்குமாடி வீட்டில் தனியாக ஒரு பாட்டி, துணைக்கு ஒரு பூனை. அவள் அன்றாடம் சாம்பல் நிறத்தில் நகரும். தீப்பெட்டிப் படத்தை உற்றுப் பார்த்தால் போதும், வண்ணம் கொட்டும். பாட்டி உள்ளே போய்விடுவாள்.

ஜே.ஜே. கலைக்கல்லூரியில் படித்த ராவ், ராம் மோகனின் அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றவர். இந்தப் படத்தை ஒற்றை ஆளாக வரைந்தார். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம். கையால் வரைகிறவர்கள் பொதுவாக ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்து ஒப்பேற்றுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 15 நிமிடத்துக்கு 10,800 படம்!

டிவி கார்ட்டூனில் நிறம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். ராவ் பிரேமுக்குப் பிரேம் வண்ணத்தைப் புதிதாகத் தீட்டுகிறவர். ஒரு தூரிகைத் தடம் அடுத்த படத்தில் அச்சு அசலாக விழாது. அதனால் சும்மா நிற்பவளின் சேலைகூட லேசாகத் துடிக்கும். இதைக் குறை என்பாரும் உண்டு. எனக்கு அதுதான் உயிர்.

2006-இல் பழனி மலையில் குறிஞ்சி பூத்தது; அதே ஆண்டு கான் விழாவில் இந்தப் படம் மூன்று விருது வாங்கியது. குறிஞ்சி மறுபடி 2018-இல் பூத்துவிட்டது. ராவின் முதல் முழுநீளப் படம் 'பம்பாய் ரோஸ்' அதற்கும் பிந்தி, 2019-இல்தான் வெனிஸில் திரையேறியது. கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு என்று முடிவு கட்டிய நாட்டில், பெரியவர்களின் காதல் கதைக்குப் பணம் போட யார் வருவார்கள்?

'பம்பாய் ரோஸ்' படத்தில் பூ விற்கும் கமலாவின் கனவுகள் முகலாயச் சிற்றோவியப் பாணியில் விரியும். ஆசிரியை டிசோசா தெருவில் நடக்க நடக்க, வண்ணம் வடிந்து கறுப்பு வெள்ளைப் பழைய பம்பாய் எழும். சுமார் 60 ஓவியர்கள் ஒன்றரை ஆண்டு தீட்டியது.

2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. பார்க்கும்போது ரிமோட்டில் எங்கேயாவது நிறுத்திப் பாருங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.