காய்ச்சலைக் கையால் அளக்காதீர்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உதவி கேட்டு வருவோரிடம் "எத்தனை டிகிரி?" என்று கேட்டால், "தொட்டா சுடுது" என்பதே பெரும்பாலும் பதில். பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளை விட்டு வந்த கைக்கு, காய்ச்சலில் உள்ள நெற்றியும் சுடாது. நம் வீரபாண்டி வீடுகளில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அவசியம்.

முனையை நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூட வேண்டும். டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வியர்வையைத் துடைத்து அக்குளில் வையுங்கள். அங்கே சற்றுக் குறைத்தே காட்டும். பீப் சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள்.

37 என்று வந்தால் பதற வேண்டாம். அது செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 98.6. செல்சியஸில் 38, அதாவது 100.4 வந்தால் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒவ்வொரு முறையும் நேரத்தோடு காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உறையில் போடுங்கள், வெந்நீரில் முக்காதீர்கள். அதன் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.