தேக்கா சந்தையின் தழை எங்கே போக வேண்டும்?

கீரைத் தண்டு, முட்டைக்கோஸின் மேலிலை, வெங்காயச் சருகு, சாப்பிட்டு எடுத்த வாழையிலை. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் நாள்தோறும் ஒதுக்கித் தள்ளும் இவையெல்லாம் ஏதோ ஒரு மண் கொடுத்த சத்து. மண்ணை மீட்கும் வேளாண்மை என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதற்கு அடிப்படை ஒன்றுதான்: எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் மண் அடுத்த விளைச்சலைத் தரும். மூடாக்கு, பயிர் மாற்றம், குறைந்த உழவு எல்லாம் அதற்கான வழிகள். சிங்கப்பூரில் 2022ல் சேர்ந்த உணவுக் கழிவு சுமார் 813,000 டன். அதில் மறுபயனீட்டுக்குப் போனது 18 விழுக்காடு. மற்றது எரியாலைக்குப் போனது. ஒரு நகரின் நீடித்த நிலைத்தன்மையை அளக்க, எவ்வளவு விளைவித்தோம் என்பதோடு எவ்வளவு திருப்பினோம் என்பதையும் கணக்கிட வேண்டும்.

மண் தீர்ந்துபோவதை இந்தத் தீவு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சீன விவசாயிகள் இங்கே காம்பியர் செடியையும் மிளகையும் சேர்த்தே பயிரிட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தபின் மிஞ்சும் சக்கை மிளகுக் கொடிக்கு உரமானது. பார்த்தால் குறையில்லாத சுழற்சி. ஆனால் இலையைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும். அதற்குச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல நிலம் சோர்ந்தது. தோட்டக்காரர்கள் புதுக் காடு தேடி நகர்ந்து, கடைசியில் ஜொகூருக்கே போனார்கள். உரத்தைக் கவனித்தவர்கள் விறகைக் கணக்கில் சேர்க்கவில்லை. மண்ணை மீட்கும் வேளாண்மை பேசுவோர் முழுமையான பார்வையை ஏன் வலியுறுத்துகிறார்கள் என்பதற்கு நம் காலடியிலேயே கிடக்கும் சான்று இது. பின்னாளில் வந்த காய்கறித் தோட்டங்கள் பன்றிச் சாணத்தையும் மனிதக் கழிவையும் மண்ணுக்குத் தந்தன. அதில் நோய் ஆபத்து இருந்தது. வாளிக் கழிப்பறை 1987ல் ஒழிந்தது நல்லதே. ஆனால் சத்து மண்ணுக்குத் திரும்பிய பாதை அடைபட்டபோது, அதே அளவுக்கு வேறொரு பாதை திறக்கப்படவில்லை.

சிங்கப்பூரில் 2019ல் அறிவிக்கப்பட்ட இலக்கு, 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது. 2025ல் அது கைவிடப்பட்டு, 2035க்கு வேறு இலக்குகள் வந்தன. உள்ளூர் விளைச்சலுக்காக முன்னிறுத்தப்படும் அடுக்குப் பண்ணைகள் இடத்தையும் நீரையும் மிச்சப்படுத்துகின்றன, மறுப்பதற்கில்லை. விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் அவை இழுக்கும் மின்சாரமோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. காம்பியர் அடுப்புக்குக் காடு எப்படியோ, அப்படித்தான் அடுக்குப் பண்ணைக்கு இந்த எரிவாயுவும்.

கழிவை மட்கவைத்து மண்ணுக்குத் திருப்பலாம் என்றால், நாட்டில் விளைநிலமே ஏறத்தாழ 1 விழுக்காடுதான், மட்கு உரத்தை எங்கே போடுவது என்று கேட்பார்கள். 2005ல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய இயக்கத்தால் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. பூங்காக்களும் சாலையோர மரங்களும் தனி. கட்டுமானத்தால் இறுகி, கனமழையில் சத்துக் கரைந்தோடும் நகர மண்ணுக்கு மட்கு மிகவும் தேவை. நாற்றமும் எலியும் வரும் என்ற கவலை நியாயமானது. அதனால்தான் எண்ணெயும் உப்பும் படாத சந்தைப் பச்சைக் கழிவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். கடையிலேயே பிரித்து, மூடிய கலனில் மட்கவைத்தால் அந்தக் கவலை பெரிதும் குறையும். எரித்தால் மின்சாரம் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். உணவுக் கழிவில் பெரும்பங்கு நீர். அது ஆவியாவதற்கே வெப்பத்தைத் தின்கிறது. நைட்ரஜன் காற்றோடு போகிறது, பாஸ்பரஸ் சாம்பலில் சிக்கி, அதைக் கொட்டும் செமாக்காவ் தீவில் புதைகிறது.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. இங்கே மட்கவைத்தால் கேமரன் மலைக்கோ தமிழகத்துக்கோ அந்தச் சத்து திரும்பாது. உண்மைதான், மட்கு உரம் நகரத்துக்குச் சோறு போட்டுவிடாது. அங்கே செய்ய வேண்டியது வேறு: மண்ணைப் பேணி விளைவிப்பவரிடம் வாங்குவோம் என்று இறக்குமதியாளரும் வாடிக்கையாளரும் முடிவெடுத்து, அதற்குரிய விலையையும் தருவது. மட்கவைக்கச் செலவு அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்கள், 2035 வாக்கில் நிரம்பிவிடும் எனக் கணிக்கப்படும் செமாக்காவில் ஒவ்வொரு டன் சாம்பலும் பிடிக்கும் இடத்தின் விலையையும் அதே தாளில் எழுத வேண்டும்.