தலை ஓரிடம், உடல் ஓரிடம்! நாவரசு வழக்கில் டி.என்.ஏ. சொன்னது என்ன?

கடலூர்:

1996-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி. சென்னை மாநகர பஸ்சில் தலை, கை, கால் இல்லாத வாலிபர் உடல் கிடந்தது. முகம் இல்லை. யார் என்று எப்படி கண்டுபிடிப்பது? போலீசார் திணறிப்போனார்கள்.

அதற்கு முந்தைய நாள்தான் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவ கல்லூரியில் முதலாண்டு படித்த பொன்.நாவரசு மாயமாகி இருந்தார். இவரது தந்தை பொன்னுசாமி சென்னை பல்கலைக்கழக துணைவேந்தராக இருந்தவர். மகனை காணவில்லை என்று புகார் கொடுத்தார்.

14-ந்தேதி சீனியர் மாணவர் ஜான் டேவிட் மன்னார்குடி கோர்ட்டில் சரண் அடைந்தார். பிறகு பல்கலைக்கழக வளாகத்து கால்வாயில் தலை சிக்கியது. கை, கால்கள் மரக்காணம் பக்கம் கடற்கரையில் கிடைத்தன. மூன்று ஊர், மூன்று பங்கு. எல்லாம் ஒரே ஆளுடையதா? அது நாவரசுதானா? கோர்ட்டில் இதை சும்மா வாயால் சொன்னால் எடுபடாது.

இங்கேதான் டி.என்.ஏ. கைகொடுத்தது.

ஒவ்வொருவர் உடம்பு செல்லிலும் உள்ள டி.என்.ஏ.வில் பாதி அம்மா கொடுத்தது, மீதி அப்பா கொடுத்தது. ஒரே உடம்பில் தலையில் எடுத்தாலும், காலில் எடுத்தாலும் மாறாது. அழுகிய சதையில் இது சீக்கிரம் கெட்டுப்போகும். எலும்பு, பல்லுக்குள் பத்திரமாக தங்கும். அதனால்தான் பல வருஷம் கழித்து கிடைக்கும் எலும்புக்கூட்டையும் அடையாளம் காண முடிகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க பெற்றோர், பிள்ளை போன்ற சொந்தங்களின் ரத்தம் பெரிதும் உதவும். ஒப்பிட எதுவுமே இல்லாவிட்டால் எலும்பு வாய் திறக்காது.

இந்த வழக்கில் பெற்றோரின் ரத்தம் எடுக்கப்பட்டது. உடல் பாகங்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களது மகன்தான் என்று உறுதியானது. மண்டை ஓட்டின் மீது போட்டோவை பொருத்திப் பார்க்கும் சோதனையும் நடந்தது.

ஆனால் ஒன்று. செத்தது யார் என்பதைத்தான் இந்த சோதனை சொன்னது. கொன்றது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். வழக்கு இழுத்ததும் அங்கேதான். 1998 மார்ச்சில் கடலூர் கோர்ட்டு ஜான் டேவிட்டுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் சென்னை ஐகோர்ட்டு விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சில நாளில் அவர் கடலூர் மத்திய சிறையில் சரண் அடைந்தார்.

நாவரசு காணாமல் போய் அப்போது 14 வருஷம் தாண்டி இருந்தது.