வடதுருவ விளிம்பில் மீன் வெட்டிய தமிழர்

நோர்வேயின் வடகோடி மாவட்டம் பின்மார்க். பரப்பில் டென்மார்க்கைவிடப் பெரிது. ஆட்களோ ஏறக்குறைய 75,000 பேர்தான். 1980களின் பிற்பாதியிலும் 1990களிலும் இலங்கைத் தமிழர் பலர் போய்க் குடியேறியது இந்த ஆளரவமற்ற கரையில்தான். வார்டோ, பொட்ஸ்பியோர்ட், ஹமர்பெஸ்ட் போன்ற மீன்பிடித் துறைகளில் கொட் மீனை வெட்டிப் பதப்படுத்தும் ஆலைகள் அவர்களுக்கு வேலை கொடுத்தன.

நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்குமான உறவு மீனோடு தொடங்கியது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றார். பின்னர் நோர்வேஜியரின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினார். 1975இல் நோர்வே தொழிலாளர் வருகையை நிறுத்தியபோது, 'மக்கள் உயர்பள்ளி' எனப்படும் விடுதிப் பள்ளிகளில் மாணவராகச் சேர்வது திறந்திருந்த வழியாயிற்று. 1983 யூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் பெருகினார்கள்.

பின்மார்க் இளைஞர்கள் அந்நேரம் தெற்கே ஒஸ்லோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்; ஆலைகளில் கை தேவைப்பட்டது. அதிகம் மொழி தெரியாமலே செய்யக்கூடிய வேலை. மனைவி பிள்ளைகளை ஊரிலிருந்து கூப்பிட நினைத்தவருக்கு நிரந்தரச் சம்பளம் அவசியம். இந்தக் கணக்கில் குளிரை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

வேலை இப்படித்தான்: றப்பர் சப்பாத்து, மேலங்கி, கையுறை. அடியில் விளக்கு எரியும் மேசையில் மீன் துண்டை விரித்தால் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். அவற்றைக் கத்தியால் எடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பகல் முழுக்க நின்றபடி இதேதான். விரல் மரத்துப்போகும்.

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள மாம்புரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வார்டோவில் நவம்பர் கடைசி தொடக்கம் சனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. கோடையில் அதே சூரியன் இரண்டு மாதத்துக்கு மேல் மறையாது. தடித்த திரைச்சீலை இல்லாமல் பிள்ளைகளை உறங்கவைக்க முடியாது. இருட்டுக் காலத்தில் தோலில் வெயில் படாததால் விற்றமின் டி குறையும். கருநிறத் தோல் வெயிலில் அதை உண்டாக்குவதும் மெதுவாகத்தான். அதனால்தான் அங்கே கொட் மீன் ஈரல் எண்ணெய் வீட்டு மருந்து. உள்ளே கம்பளி, வெளியே காற்றுத் தடுக்கும் அங்கி, சப்பாத்தின் அடியில் ஆணிப் பட்டை, பிள்ளைகளின் மேற்சட்டையில் காரின் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி: புதிதாக வந்தவர் முதல் மாதத்திலேயே படிக்கும் பாடங்கள் இவை. கடலோரத்தில் வளைகுடா நீரோட்டத்தின் தயவால் துறைமுகம் உறைவதில்லை. ஆளை வாட்டுவது காற்று.

அந்தக் காற்றே வடநோர்வே மீனவரின் கருவாட்டுக்கும் மூலதனம். மாம்புரிக் கரையில் மீனைப் பிளந்து உப்பிட்டு வெயிலில் போடுவார்கள். வடநோர்வேயில் உப்பே கிடையாது. தலை வெட்டிய கொட் மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டி, பெப்ரவரி முதல் மே வரை மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். குளிர் ஈயையும் அழுகலையும் தடுக்க, காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். கட்டைபோல இறுகும் அந்த மீன் இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகிறது. கருவாட்டு வாசனையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டங்களைக் கடந்து போகையில் ஊர் ஞாபகம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஆட்களை நிறுத்திவைக்க அரசு 1990இல் சலுகைகளை அறிவித்தது: வருமான வரி குறைவு, மின்சாரத்துக்கு வரிவிலக்கு, அங்கே வேலை செய்பவருடைய கல்விக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி தள்ளுபடி. ஆனாலும் தமிழரில் பலர் தெற்கே போனார்கள். சொந்தபந்தம், தமிழ்ப் பள்ளி, கோயில், மிளகாய்த்தூள் விற்கும் கடை எல்லாம் ஒஸ்லோவில் இருந்தன. பிள்ளைகளின் மேற்படிப்பும் இழுத்தது. வேலைக்காக மட்டும் ஒருவரை ஓர் ஊருக்குக் கூப்பிட்டால், வேலை இருக்கும்வரைதான் அவர் அங்கே இருப்பார். பின்மார்க் அதிகாரிகள் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள் போலும்.

ஆலைகளும் பல ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பின்மார்க் கடலில் பிடித்த கொட் மீனில் ஒரு பங்கு இன்று உறைந்த நிலையில் கப்பலேறி, சீனாவில் வெட்டப்படுகிறது.